வாழ்க்கைத்தரக் கேள்விப் படிவத்தைத் தமிழாக்குவது எப்படி?

புற்றுநோயாளிகளிடம் வலி, தூக்கம், பசி, மனநிலை பற்றிக் கேட்கும் படிவங்களில் பரவலாகப் புழங்குவது கியூஎல்கியூ-சி30. ஐரோப்பிய ஆய்வு அமைப்பான ஈஓஆர்டிசி உருவாக்கியது, 1993-இல் வெளியானது. மொத்தம் 30 கேள்விகள். முதல் 28-க்கு நான்கு பதில்கள், கடைசி இரண்டுக்கு 1 முதல் 7 வரை எண்கள். அதையே உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

முதல் வேலை, உங்கள் மொழியில் ஏற்கெனவே இருக்கிறதா என்று விசாரிப்பது. 100-க்கும் மேற்பட்ட மொழிகளில் வந்துவிட்டது. இல்லையென்றால் படிவத்தின் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

அப்புறம், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட இருவர் தனித்தனியே மொழிபெயர்க்க வேண்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது. பிறகு மூன்றாமவர் இரண்டையும் அருகருகே வைத்து ஒன்றாக்குவார். சண்டை வருவது இங்கேதான். அசல் படிவம் உடல் களைப்பை ஒரு கேள்வியிலும் மன வாட்டத்தை இன்னொன்றிலும் கேட்கிறது. முதலாவதைச் 'சோர்வு' என்றும் இரண்டாவதை 'மனச்சோர்வு' என்றும் எழுதினால், "இதைத்தான் அப்பவே கேட்டீங்களே" என்பார் நோயாளி. 'களைப்பு', 'மனம் வாடியிருந்தது' என்று பிரித்துவிட்டால் குழப்பம் குறையும். 'போன வாரம்' என்பதும் ஆபத்து: சிலர் ஞாயிறுக்கு முந்தைய வாரத்தை எண்ணுவார்கள். 'கடந்த ஏழு நாட்களில்' என்றால் சந்தேகமில்லை.

பதில்களையும் விடாதீர்கள். 'கொஞ்சம்' பெரிதா, 'ஓரளவு' பெரிதா? நான்கு பதில்களையும் தனித்தனி அட்டையில் எழுதிக் கலைத்துச் சிலரிடம் கொடுத்து, குறைவிலிருந்து கூடுதலாக அடுக்கச் சொல்லுங்கள். ஆளுக்கொரு வரிசை வந்தால் சொல்லை மாற்ற வேண்டியதுதான்.

அடுத்து, அசலைப் பார்க்காத வேறு இருவர் தமிழை ஆங்கிலத்துக்குத் திருப்பி மொழிபெயர்ப்பார்கள். அது அசலோடு அப்படியே பொருந்தினால் ரொம்பச் சந்தோஷப்பட வேண்டாம். சொல்லுக்குச் சொல் வைத்த கட்டைத் தமிழும் அழகாகத் திரும்பிப் போய்விடும்.

சரி, இனி நோயாளிகளிடம். 10 முதல் 15 பேர் போதும். வயதும் படிப்பும் கலந்திருக்கட்டும். நிரப்பி முடித்ததும் உடன் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாகக் கேளுங்கள்: புரியக் கடினமாக இருந்ததா, குழப்பியதா, மனதை நோகடித்ததா, நீங்களாக இருந்தால் எப்படிக் கேட்பீர்கள்? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். திருத்தங்களை அதைப் பார்த்துச் செய்து, காரணத்தோடு உரிமையாளருக்கு அனுப்பி ஒப்புதல் பெறுங்கள்.