வீட்டிலேயே ஒலிப்பதிவு: எந்த மைக், எந்த இன்டர்ஃபேஸ்?

மைக் வாங்குவதற்கு முன், பதிவு செய்யப்போகும் அறையின் நடுவில் நின்று பலமாக ஒருமுறை கை தட்டுங்கள். தட்டிய சத்தம் உடனே அடங்கினால் நல்லது. "ட்ரிங்" என்று பின்னால் ஒரு வால் இழுத்தால், அந்த வாலும் உங்கள் குரலோடு சேர்ந்தே பதிவாகும். பிறகு எந்த மென்பொருளாலும் அதைச் சுத்தமாக நீக்க முடியாது.

வால் இழுக்கும் அறைக்கு, அருகிலுள்ள சத்தத்தையே முக்கியமாக எடுக்கும் டைனமிக் மைக்தான் சரி. வாயருகே 5 முதல் 10 சென்டிமீட்டரில் வைத்துப் பேசுவதால் குரல் ஓங்கி, அறையின் சத்தம் பின்தங்கிவிடும். திரைச்சீலை, மெத்தை, துணி அலமாரி என்று சத்தத்தை உறிஞ்சும் பொருட்கள் நிறைந்த அமைதியான அறை என்றால், நுண்ணிய சத்தத்தையும் பிடிக்கும் கண்டென்சர் மைக் வாங்கலாம். பாட்டுக்கும் அக்குஸ்டிக் கிட்டாருக்கும் அதன் நுணுக்கம் தனி. ஆனால் மின்விசிறி, தெருச் சத்தம் எல்லாவற்றையும் அது அதே நுணுக்கத்தோடு எடுக்கும். கண்டென்சரில் செல்ஃப் நாய்ஸ், அதாவது மைக் தானே உண்டாக்கும் இரைச்சல், 15 டிபிஏ-க்குள் (டெசிபல் அளவு) இருக்கிறதா என்று பாருங்கள். சிக்னல்–நாய்ஸ் விகிதம் மட்டும் கொடுத்திருந்தால் அதை 94-லிருந்து கழியுங்கள்: விகிதம் 80 என்றால் செல்ஃப் நாய்ஸ் 14.

மைக்கை முடிவு செய்த பிறகே இன்டர்ஃபேஸ், அதாவது மைக்கின் சிக்னலைப் பெருக்கிக் கணினிக்கு அனுப்பும் பெட்டி. பலர் சறுக்குவது இங்கேதான். ஒரே அளவு சத்தத்துக்கு ஷூர் நிறுவனத்தின் எஸ்எம்58 டைனமிக் மைக் சுமார் 1.9 மில்லிவோல்ட் தருகிறது. ரோட் என்டி1-ஏ கண்டென்சர் 25 மில்லிவோல்ட். வித்தியாசம் 22 டிபிக்கு மேல்! ஷூரின் இன்னொரு டைனமிக் மைக்கான எஸ்எம்7பி, எஸ்எம்58-ஐவிடவும் குறைவாகத் தரும். அதற்குக் குறைந்தது 60 டிபி கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) வேண்டும் என்று ஷூரே சொல்கிறது. 50 டிபி மட்டுமே தரும் இன்டர்ஃபேஸில் அதைச் செருகினால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். மென்பொருளில் ஏற்றினால் இரைச்சலும் கூடவே ஏறும்.

கண்டென்சருக்கு 48 வோல்ட் பேண்டம் பவர், அதாவது இன்டர்ஃபேஸ் மைக் கேபிள் வழியே தரும் மின்சாரம், கட்டாயம். அதை ஆன் செய்யும்முன் கெயினையும் ஹெட்போன் ஒலியையும் முழுதாகக் குறையுங்கள். இல்லாவிட்டால் "டப்" என்ற வெடிப்பு காதைப் பதம் பார்க்கும். மெல்லிய உலோக நாடா கொண்ட பழைய ரிப்பன் மைக்குக்கு அதை ஆன் செய்யவே வேண்டாம்.

ஒருவர் மட்டும் பாடவோ பேசவோ இரண்டு இன்புட் போதும். எலெக்ட்ரிக் கிட்டாரை நேரடியாகச் செருகுவதென்றால் இன்ஸ்ட்ருமென்ட் இன்புட் இருக்க வேண்டும். லைன் இன்புட்டில் செருகினால் ஒலி மங்கிவிடும். டைரக்ட் மானிட்டர் வசதியை விட்டுக்கொடுக்காதீர்கள். அது இருந்தால் கணினியைச் சுற்றி வராமல் உங்கள் குரல் தாமதமின்றிக் காதில் விழும்.

பதிவு மென்பொருளின் செட்டிங்: 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். பஃபரை (கணினி ஒரு தடவையில் கையாளும் ஒலித்துண்டின் அளவு) பதிவின்போது 128-லும் மிக்ஸிங்கின்போது 512-லும் வையுங்கள். கெயினை அமைக்கும்போது மெதுவாகப் பேசிப் பார்ப்பதில் பயனில்லை. பாட்டின் மிக உரத்த வரியைப் பாடி, மீட்டரின் உச்சம் மைனஸ் 12 டிபி அருகே நிற்கும்படி திருகுங்கள். பதிவில் டிக் டிக் என்று வெட்டுப்பட்டால் முதலில் யுஎஸ்பி ஹப்பைக் கழற்றி, கணினியில் நேராகச் செருகிப் பாருங்கள். மடிக்கணினியை சார்ஜரில் போட்டதும் "உம்" என்ற ரீங்காரம் கேட்டால், சார்ஜரை எடுத்துவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். ரீங்காரம் நின்றுவிட்டால் மைக்கின் மீது குற்றமில்லை.