பிரசவத்துக்குப் பின் சிறுநீர்க் கசிவும் இடுப்பு வலியும்: மலையகத் தாய்மார் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இருமும்போதும் தும்மும்போதும் மலைச்சரிவில் கால் வைத்து இறங்கும்போதும் தன்னை அறியாமல் சிறுநீர் கசிவதை, பிள்ளை பெற்ற பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அனுபவிக்கிறார். ஆனால் தோட்டக் குடியிருப்பான லயத்திலோ, தேயிலை பறிக்கும் கொழுந்து மலையிலோ இதைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. மூத்தவர்களிடம் சொன்னாலும், “பிள்ளை பெத்தா அப்படித்தான்” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. தவறுகளுள் முதன்மையானது இந்த மௌனமே என்று கருதுகிறேன். பலருக்கும் வருவது என்பதற்காக அது பொறுத்துக்கொண்டே வாழ வேண்டிய ஒன்றாகிவிடாது. உரிய பயிற்சியினால் பெரும்பாலானோருக்கு இது குறையும், பலருக்கு முற்றாகவே நிற்கும்.

இடுப்பெலும்பின் அடியில், முன்னே பூப்பெலும்பிலிருந்து பின்னே வால் எலும்பு வரை, தொட்டில் துணியைப் போல விரிந்து சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் மலக்குடலையும் தாங்கி நிற்பவை இடுப்புத்தளத் தசைகள். கர்ப்ப காலம் முழுவதும் சிசுவின் பாரத்தைச் சுமக்கும் இத்தசைகள், பிறப்புவழிப் பிரசவத்தின்போது சில பகுதிகளில் தமது வழமையான நீளத்தின் மும்மடங்கு வரை இழுபடுகின்றன. சிலருக்கு அவை கிழிவதும், அவற்றை இயக்கும் நரம்புகள் பாதிப்படைவதும் உண்டு. ஹோர்மோன்களால் இடுப்பு மூட்டு இணையங்கள் தளர்ந்திருக்க, வயிற்றின் நடுத்தசைகளும் விலகி நிற்பதால், முதுகெலும்புக்கு முன்புறத்திலிருந்து கிடைத்துவந்த தாங்கல் குறைந்து கீழ்முதுகு வலிக்கத் தொடங்குகிறது. சிசேரியன் செய்தவர்களுக்கு இந்தத் தொல்லை வராது என்று நம்புவதும் தவறே. அவர்களுக்குக் கசிவு ஓரளவு குறைவாக இருக்கலாம், ஆனால் கர்ப்பத்தின் பாரம் அவர்களையும் விட்டுவைப்பதில்லை.

கசிவுக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைப்பது மலையகத்தில் மிகப் பரவலாகக் காணப்படும் தவறு. பச்சை உடம்புக்குத் தண்ணீர் ஆகாது என்ற பழைய எண்ணமும், வேலைக்குத் திரும்பிய பின் மலையில் மலசலகூடம் இல்லாத நிலையும் சேர்ந்து, பகல் முழுவதும் அரைக் கோப்பை சாயத்தண்ணியோடு (பாலில்லாத தேநீரோடு) இருந்துவிடும் பழக்கத்தை உண்டாக்குகின்றன. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகிச் சிறுநீர்ப்பையை உறுத்தும். அடிக்கடி கழிக்க வேண்டும் என்ற உந்துதல் கூடும். தொற்றும் மலச்சிக்கலும் எளிதில் வரும். மலச்சிக்கலினால் முக்கும் ஒவ்வொரு தடவையும் தளர்ந்த தசைகள் மேலும் கீழே தள்ளப்படுகின்றன. தேயிலையில் உள்ள கபீனும் சிலருடைய சிறுநீர்ப்பையைத் தூண்டுவதால், சாயத்தண்ணியில் ஒரு பகுதியை வெறும் தண்ணீராக மாற்றிக்கொள்வது நல்லது. சிறுநீரை மணிக்கணக்கில் அடக்கிவைப்பது கூடாது. அதேபோல, பின்னர் இடம் கிடைக்காதே என்று உந்துதல் இல்லாமலே அடிக்கடி போய்வருவதும் சிறுநீர்ப்பையைக் கொஞ்சமே கொள்ளப் பழக்கிவிடும். இரண்டரை மணி முதல் நான்கு மணி வரையான இடைவெளி பொருத்தமானது. இதை மலையில் கடைப்பிடிக்க முடியாமல் இருப்பதற்குப் பெண்களைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை. வேலைத்தலத்துக்கு அருகில் மலசலகூடம் அமைத்துக் கொடுப்பது தோட்ட நிர்வாகத்தின் கடமை.

இலங்கையில் 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னர் எத்தனையாவது பிள்ளையாயினும் 84 நாட்கள் மகப்பேற்று விடுமுறை உண்டு. விடுமுறை முடிந்த மறுநாளே பழைய அளவுக்குக் கூடையை நிரப்ப முயல்வது அடுத்த தவறு. நாளொன்றுக்கு 18 கிலோ, 20 கிலோ கொழுந்து பறிக்க வேண்டும் என்று பேசப்படும் மலைகளில், தலையில் மாட்டிய கயிற்றின் பாரத்தோடு முன்குனிந்து சரிவில் ஏறி இறங்கும்போது, கீழ்முதுகுக்கும் இடுப்புத்தளத்துக்கும் ஒரே நேரத்தில் அழுத்தம் ஏறுகிறது. முதல் வாரங்களில் கூடை நிரம்பும்வரை காத்திராமல் இடையிலேயே இறக்கி வைப்பதும், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் பாரம் தூக்கும்போது முழங்காலை மடித்து, மூச்சை வெளியே விட்டபடி எழுவதும் உதவும். தண்ணீர்க் குடத்துக்கும் விறகுக்கட்டுக்கும் இதுவே பொருந்தும். குசினிப் புகையால் நாட்பட்ட இருமல் உள்ளவர்கள் அதற்கும் சேர்த்தே மருந்தெடுக்க வேண்டும், ஏனெனில் ஒவ்வொரு இருமலும் இடுப்புத்தளத்தின் மீது விழும் அடி.

வயிறு உள்ளே போகட்டும் என்று துணியை இறுகக் கட்டினால் அழுத்தம் கீழ்நோக்கித்தான் செல்லும். தளர்வாகக் கட்டுவது முதுகுக்குச் சிறிது ஆறுதல் தரலாமேயன்றித் தசையைப் பலப்படுத்தாது. படுத்த நிலையிலிருந்து எழுந்து உட்காரும் வயிற்றுப் பயிற்சிகளை ஆரம்ப வாரங்களில் செய்வதும் இதே காரணத்தால் தவறு.

இடுப்புத்தளப் பயிற்சியைத் தெரிந்தவர்களிலும் பலர் அதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள், பிட்டத்தையும் தொடையையும் இறுக்குகிறார்கள், உள்ளிழுப்பதற்குப் பதிலாகக் கீழே முக்குகிறார்கள். காற்றையும் சிறுநீரையும் ஒருங்கே அடக்குவதைப் போல உள்ளும் மேலுமாக இழுத்து, இயல்பாக மூச்சு விட்டபடி, முதலில் மூன்று நான்கு விநாடிகளும் பழகப் பழகப் பத்து விநாடிகள் வரையும் பிடித்து, அதே அளவு நேரம் முழுமையாகத் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்கு எட்டு முதல் பத்து முறை, நாளொன்றுக்கு மூன்று தடவை. இருமல் வரப்போகிறது என்று உணர்ந்த கணத்திலேயே இறுக்கிக்கொள்ளப் பழகினால் கசிவு குறையும். சிறுநீர் கழிக்கும்போதே நடுவில் நிறுத்தி இதைப் பயிற்சியாகச் செய்யக் கூடாது. அது சிறுநீர்ப்பை முழுவதும் காலியாவதைக் கெடுக்கும். இரண்டு வாரத்தில் பலன் தெரியவில்லை என்று கைவிடுவோரே அதிகம். குறைந்தது மூன்று மாதங்கள் செய்ய வேண்டும்.

வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடமும் (மருத்துவிச்சியிடமும்), பிள்ளைக்குத் தடுப்பூசி போடும் கிளினிக்கிலும் இதைக் கூச்சமின்றிச் சொல்லலாம். அவர்கள் இயன்மருத்துவப் (பிசியோதெரபி) பிரிவுள்ள வைத்தியசாலைக்கு அனுப்பி வைப்பார்கள். பிரசவமாகி ஆறு மணித்தியாலங்களாகியும் சிறுநீர் பிரியவில்லை என்றால் உடனே தாதியிடம் சொல்ல வேண்டும். இரவு பகலாக இடைவிடாமல் கசிந்தாலோ, பிறப்புவழியில் ஏதோ கீழிறங்கி நிற்பதாக உணர்ந்தாலோ, சிறுநீர் எரிச்சலுடன் காய்ச்சல் வந்தாலோ கிளினிக் நாள்வரை காத்திருக்கக் கூடாது. முதுகு வலியோடு தொடையிடுக்கு மரத்துப்போவதும் கால்கள் பலவீனமடைவதும் அன்றைய தினமே வைத்தியசாலைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்.