பிள்ளை தூங்கிய பிறகு போனை எடுக்காதீர்கள்: ஊரடங்கில் பெற்றோர் செய்த தவறுகள்

மழை, காய்ச்சல் என்று பள்ளிக்கு ஒரு வாரம் பூட்டுப் போட்டாலே 2020 கொரோனா ஊரடங்கின் தவறுகள் வீட்டுக்கு வீடு திரும்பி வந்துவிடுகின்றன. 2020 மார்ச் நடுவில் வீட்டுக்கு வந்த தமிழ்நாட்டுச் சின்ன வகுப்புப் பிள்ளைகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மறுபடி பள்ளிக்குப் போனார்கள். பத்தொன்பது மாதத்துக்கு மேல் ஊறிய பழக்கம் லேசில் போகாது. மூச்சுப்பயிற்சி, நல்லதையே நினை என்பதெல்லாம் கேட்டுச் சலித்திருப்பீர்கள்; அதை விட்டுவிடுவோம்.

தூக்கத்தில் கை வைப்பது

"பகலெல்லாம் அம்மா, டீச்சர், சமையல்காரி. பிள்ளை தூங்கின பிறகுதான் எனக்கு நேரம்." கேட்க நியாயமாகத்தான் இருக்கும், அதனால்தான் எரிச்சலாகவும் இருக்கிறது. கணக்குப் போடுங்கள். பத்தரைக்குப் பிள்ளை தூங்குகிறது. பத்து நிமிடம் என்று எடுத்த போனைக் கீழே வைக்கும்போது மணி ஒன்றரை. ஆறு மணிக்குப் பால், தண்ணீர். ஆக, நாலரை மணி நேரத் தூக்கம். பதினொரு மணி ஆன்லைன் வகுப்பில் "ம்மா, சத்தம் வரல" என்று மூன்றாவது தடவை கூப்பிடும்போது கை ஓங்கிவிடுகிறது. அடித்த குற்றவுணர்ச்சி ராத்திரி தூங்கவிடாது, மறுபடி போன். நாலே நாளில் வீட்டார் தீர்ப்பு எழுதிவிடுவார்கள்: பிள்ளைக்குப் பிடிவாதம், அம்மாவுக்குக் கோபம். பிள்ளைக்கு ஓர் அட்டவணை சுவரில் ஏறும். தூக்கம் குறைந்தால் எரிச்சலை அடக்கும் தெம்பு குறையும் என்பது யார் நினைவுக்கும் வராது. ஞாயிறு பத்து மணி வரை தூங்கி ஈடுகட்டினால், அன்று ராத்திரித் தூக்கம் இன்னும் தள்ளிப்போகும்.

படுக்கும் நேரத்தில் தொடங்காதீர்கள். எழும் நேரத்தைப் பிடியுங்கள். ஞாயிறு உட்பட ஒரே நேரம், அரை மணி முன்பின் இருக்கலாம். எழுந்ததும் பதினைந்து நிமிடம் மொட்டைமாடி வெளிச்சம். படுக்கும் நேரத்தை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னுக்குக் கொண்டுவாருங்கள். ஒரேயடியாகப் பத்து மணிக்குப் படுத்தால் மின்விசிறியைப் பார்த்துக் கிடப்பதுதான் மிச்சம். கடைசிக் காபி மதியம் 2 மணிக்கு. குடித்து ஐந்து மணி நேரம் ஆனாலும் காஃபீனில் ஏறக்குறைய பாதி உடம்பில்தான் இருக்கும். பகல் தூக்கம் 20 நிமிடம், மூன்று மணிக்குள். போன் சார்ஜர் சமையலறையில்.

ராத்திரியில் திருடிய நேரத்துக்குப் பகலில் மாற்று இல்லையென்றால் இத்தனையும் மூன்றாம் நாளே முறியும். தினம் 30 நிமிடம், குறித்து வைத்த நேரம். அப்போது பிள்ளை அப்பா பொறுப்பு (உதவி இல்லை, அவருடைய முறை). துண்டு எங்கே என்று கேட்டுக்கூட வரக் கூடாது. ஒற்றை அறை வீடென்றால் மாடிப்படியில் போய் உட்காருங்கள்.

கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவருக்கு வேண்டியது யாரும் எழுப்பாத நான்கு மணி நேரம், ஒரே வீச்சில். அதுவரை குழந்தை வேறொருவர் மடியில் இருக்கட்டும்.

நேரம் இருந்தும் தூக்கம் வராமல், விடியற்காலை மூன்றுக்கே விழித்து, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரம் ஓடினால் அது மனச்சோர்வாக இருக்கலாம். சார்ஜரை மாற்றி வைத்துப் பயனில்லை; மருத்துவரைப் பாருங்கள்.

தொற்று எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டே இருப்பது

மாலையில் ஒருமுறை பார்த்தால் போதும். படுக்கையில் கூடாது.

பிள்ளைக்கு வகுப்பாசிரியர் ஆவது

வேண்டாம். ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்.

அப்பாவின் நடுக்கத்தைக் கவலை என்று நினைப்பது

2020 மார்ச்சில் டாஸ்மாக் மூடியதுபோல் திடீரென்று குடி நின்றால், தினமும் நிறையக் குடித்தவருக்குக் கை நடுங்கும், வியர்க்கும். கடைசியாகக் குடித்த 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் பிதற்றல், இல்லாத உருவங்கள் தெரிவது. ஆறுதல் சொல்லிக்கொண்டு உட்காராதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

"நமக்கென்ன, ஊரில் எத்தனையோ பேர் கஷ்டப்படுகிறார்கள்" என்று பேசாமல் இருப்பது

சாக வேண்டும், பிள்ளையை ஏதாவது செய்துவிடுவேனோ என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே பேசுங்கள். 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். கட்டணமில்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம்.