செவ்வரத்தைத் தடியில் வேர் பிடிக்க வைக்க

கல்லடியில் என் நாற்றுக் கொட்டிலுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் தடியை இளநீரில் ஊறவைத்துவிட்டு, "தளிர் வந்தது, வேரைக் காணோமே அக்கா" என்பார்கள். வராதுதான். இளநீரில் இருப்பது சைட்டோகைனின் என்ற தாவர ஓமோன். அது தளிர் கிளப்பும், வேர் தொடங்குவதை அடக்கும். முருங்கையிலைச் சாறும் அப்படியே. வேருக்கு வேண்டியது ஒட்சின் என்ற இன்னொரு ஓமோன். நுனி மொட்டிலும் இளம் இலையிலும் உண்டாகிக் கீழிறங்கி, வெட்டுவாயில் வந்து தேங்கும். ஒட்சின் மிஞ்சினால் வேர், சைட்டோகைனின் மிஞ்சினால் தளிர் என்று 1957இல் ஸ்கூக், மில்லர் என்ற தாவர ஆய்வாளர்கள் புகையிலை இழையத்தில் காட்டினார்கள்.

அதனால் தடியை மொட்டையடிக்காதீர்கள். பென்சில் மொத்தத்தில் எடுத்து, கணுவுக்குச் சற்றுக் கீழே கூரான கத்தியால் வெட்டுங்கள். பூமொட்டைக் கிள்ளிவிட்டு, மேலே இரண்டு இலையை மட்டும் வைத்து, அவற்றையும் பாதியாகக் கத்தரியுங்கள்.

ஒட்சின் வகையான இண்டோல் பியூட்டிரிக் அமிலம் கலந்த வேர்த்தூள் விவசாய மருந்துக் கடையில் கேட்டுப் பாருங்கள். ஈர அடியை அதில் தொட்டு, தட்டி உதிருங்கள். அள்ளி அப்பினால் தடியில் எதிலீன் என்ற வாயு கூடிவிடும். வேர் முளைத்தாலும் நீளாமல் கட்டையாகவே நிற்கும். 'கொஞ்சம் கூடப் போட்டால் நல்லம்' என்பது இங்கே சரிவராது.

ஆற்றுமணலும் தும்புத்தூளும் சமனாகக் கலந்து நடுங்கள். வறண்ட கச்சான் காற்றடிக்கும் நாட்களில் பொலித்தீன் பையால் மூடி நிழலில் வையுங்கள். அடியில் வெள்ளையாய்ப் புடைப்பு வரும், அது வேரல்ல. மெல்ல இழுக்கும்போது பிடித்துக்கொண்டால் பையைச் சிறிது சிறிதாகத் திறக்கலாம்.