கதவடைத்த பெற்றோர் குழுவை அணுகும் விதம்
சிங்கப்பூர்ப் பள்ளிகளின் பெற்றோர் ஆதரவுக் குழு தொண்டூழிய அமைப்பே. அதில் நான்கைந்து பேர் வாட்ஸ்அப்பில் முடிவெடுத்துவிட்டு மற்றவர்களுக்குத் தகவல் மட்டும் அனுப்பினால், அங்கேயே வாதாடாமல், குழுவைக் கவனிக்கும் ஆசிரியருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். மனக்குறையைக் கொட்ட வேண்டாம்; உறுப்பினர்களை எப்படிச் சேர்க்கிறார்கள், பொறுப்பாளர்களை யார், எத்தனை ஆண்டுகளுக்கு நியமிக்கிறார்கள், திரட்டிய பணத்தின் கணக்கு யாரிடம் உள்ளது என்று மட்டும் கேளுங்கள். (கடைசிக் கேள்விதான் பலரை நிமிர்ந்து உட்கார வைக்கும்.) பதில் வராவிட்டால் பள்ளி முதல்வருக்கும், பிறகு கல்வி அமைச்சுக்கும் எழுதலாம். தொடக்கநிலை ஒன்றுப் பதிவில், பள்ளியில் தொண்டூழியம் செய்த பெற்றோர் போன்றோரின் பிள்ளைகளுக்கான 2பி கட்டத்துக்காகக் குறைந்தது 40 மணி நேரம் தொண்டூழியம் செய்யும் பெற்றோர், குழுத் தலைவரின் வாய்மொழியை நம்பியிராமல், அந்த நேரக் கணக்கைப் பள்ளி அலுவலகத்திடமே எழுத்தில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.