சென்னை – லண்டன்: பறக்கும் தூரத்தையும் நேரத்தையும் நாமே கணக்கிடுவது எப்படி?

டிசம்பரில் மகளைப் பார்க்க லண்டன் போகும் பக்கத்து வீட்டு மாமி டிக்கெட்டோடு வந்தார். "காலைல அஞ்சரைக்குக் கிளம்பிப் பதினோரு மணிக்கு இறங்கறதுன்னு போட்டிருக்கு. அஞ்சரை மணி நேரம்தானே?" மாமிக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் தூரம். சுவரில் தொங்கும் உலகப் படத்தில் ஸ்கேல் வைக்காதீர்கள். அதில் கோடு அரபிக் கடல், பாரசீக வளைகுடா, துருக்கி என்று போகும். பூமி உருண்டை என்பதால் அது குறுக்கு வழி அல்ல. பிள்ளைகளின் பூகோள உருண்டை வீட்டில் இருந்தால் எடுங்கள். பூமத்திய ரேகையைச் சுற்றி ஒரு நூலைக் கட்டி நீளம் பாருங்கள். 30 செ.மீ. விட்டமுள்ள உருண்டை என்றால் சுமார் 94 செ.மீ. வரும். அதுதான் 40,000 கி.மீ.; ஆக, 1 செ.மீ.க்கு ஏறக்குறைய 425 கி.மீ. இப்போது நூலைச் சென்னையிலிருந்து லண்டனுக்கு இறுக்கிப் பிடியுங்கள். நூல் தானாகவே வடக்கே ஏறி, பாகிஸ்தான், ஈரான், காஸ்பியன் கடல் மேல் போய் நிற்கும். 19 செ.மீ.க்குக் கொஞ்சம் மேலே இருக்கும். அதை 425ஆல் பெருக்கினால் தூரம் கிடைத்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒரு முறை செய்து பார்த்தால் மறக்காது.

உருண்டை இல்லையா? கணினியில் கூகுள் மேப்ஸைத் திறந்து, மீனம்பாக்கம் விமான நிலையத்தின் மேல் வலது கிளிக் செய்து, தூரம் அளக்கும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் லண்டனின் ஹீத்ரோ விமான நிலையம் மேல் ஒரு கிளிக். சுமார் 8,230 கி.மீ. என்று காட்டும்.

அடுத்தது நேரம். பெரிய விமானங்கள் உயரத்தில் மணிக்கு 900 கி.மீ. அளவில் பறக்கும். ஏறுவதும் இறங்குவதும் மெதுவாக நடப்பதால் 850 என்று வைத்து வகுங்கள்: 9 மணி 40 நிமிடம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதற்கும் வருவதற்கும் அரை மணி சேர்த்தால் 10 மணி 10 நிமிடம்.

இத்தோடு நிறுத்தினால் கணக்கு இடிக்கும். மேலே மேற்கிலிருந்து கிழக்கே பலமான ஜெட் காற்று ஓடுகிறது. லண்டன் போகும்போது அது எதிர்க்காற்று. தவிர, நம் நூல் ரஷ்யாவின் தென்பகுதியையும் உக்ரைனையும் தொடுகிறது. 2022 பிப்ரவரியிலிருந்து உக்ரைன் வான்வெளியில் பயணிகள் விமானம் பறப்பதில்லை. பிரிட்டிஷ் விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளியும் மூடிவிட்டது. சுற்றித்தான் போக வேண்டும். அதனால் போகும்போது 11 மணி நேரத்தை ஒட்டி வரும். திரும்பும்போது காற்று தள்ளிவிடும் என்பதால் 10 மணி நேரம் என்று வைக்கலாம்.

சரி, மாமியின் கேள்வி. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். குளிர்காலத்தில் லண்டன் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். மார்ச் கடைசி ஞாயிறிலிருந்து அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாலரை. இரண்டையும் ஒரே கடிகாரத்துக்கு மாற்றுங்கள். சென்னையில் காலை 5:30 என்றால் லண்டனில் நள்ளிரவு 12. அங்கிருந்து பகல் 11 வரை எண்ணினால் முழுசாக 11 மணி நேரம்.

திரும்பி வரும்போது தேதியையும் பாருங்கள். லண்டனில் 14ஆம் தேதி பகல் 1 மணிக்குக் கிளம்பினால், 10 மணி நேரம் கழித்து அங்கே இரவு 11. இங்கே 15ஆம் தேதி அதிகாலை 4:30. மாமியை அழைத்துவர டாக்ஸி சொல்லும்போது 15 என்று சொல்ல வேண்டும்.