பறுவ இரவில் ஒரு வட்டம்: புதிதாகத் தொடங்குவோருக்கு

விக்கா என்னும் நவீன பேகன் வழிபாட்டை 1950களில் இங்கிலாந்தில் பரப்பியவர் ஜெரால்ட் கார்ட்னர். அவர் வழியில் தேவனும் தேவியும் சோடி. சடங்கிலும் ஆணும் பெண்ணும் சோடியாக நிற்பதே வழக்கம். அதில் தமக்கு இடமில்லாத பால்புதுமையர் (குயர் மக்கள்) தமக்கென வட்டங்களை வரைந்தார்கள். எடி புசின்ஸ்கி 1977இல் நியூயோர்க்கில், ஆண்களை நேசிக்கும் ஆண்களுக்கான மினோவன் சகோதரத்துவத்தைத் தொடங்கினார். வன்னியில் ஒரு முற்றத்தில் தனியாக இருப்பவருக்கும் அந்த வட்டம் சொந்தம்தான்.

1. பறுவ நாளை, அதாவது பௌர்ணமியைத் தெரிவு செய்யுங்கள். உங்கள் வளவுக்குள்ளேயே செய்யுங்கள். தனிமை தேடிக் காட்டுக்குள் போகவேண்டாம். கண்ணிவெடி எச்சரிக்கைக்கு மண்டையோட்டுப் பலகை நட்ட பக்கம் காலே வைக்கக்கூடாது. கிடுகு வேலிக்கு எட்டத்தில் இருங்கள். யாரிடம் சொல்வது என்பதையும் யோசியுங்கள்: இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை எங்கள் உறவைக் குற்றம் என்றே எழுதிவைத்தது.

2. கிழக்கே காற்றுக்கு ஊதுபத்தி, தெற்கே நெருப்புக்கு மண்சிட்டி விளக்கு, மேற்கே செம்பில் கிணற்றுநீர், வடக்கே ஒரு பிடி மண். இது விக்காவின் வரிசை. எங்களுக்குத் தெற்கு யமன் திசை. மனம் ஒப்பாவிட்டால் அக்கினி மூலையான தென்கிழக்கில் விளக்கை வையுங்கள். நான் அப்படித்தான் வைக்கிறேன். வடக்கே வைக்க முதன்முதலாக மண் அள்ளியபோது, பழைய வீட்டின் ஓட்டுத்துண்டு ஒன்றும் கையோடு வந்தது. இன்றும் அதை மண்ணோடு சேர்த்தே வைக்கிறேன்.

3. கிழக்கில் தொடங்கி, அரிசிமாவைத் தூவியபடி வலமாக ஒரு சுற்று வாருங்கள். சரி, வட்டம் கட்டியாயிற்று.

4. நடுவில் அமர்ந்து உங்கள் பெயரைச் சொல்லுங்கள். அடையாள அட்டையில் இருப்பதை அல்ல, உங்களுக்குள் நீங்கள் வைத்திருப்பதை. அவசரப்படாதீர்கள். எனக்கு முதல் தடவை உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மூன்றாம் தடவைதான் என் காதுக்கே கேட்டது. அப்புறம் துணைக்கு யாரையாவது அழையுங்கள். நான் அம்மம்மாவையும் கண்ணகியையும் அழைக்கிறேன். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிப்பார்களே, அதைப் பார்த்துச் செய்யவேண்டாம். அது கோயிலுக்கும் ஊருக்கும் உரிய சடங்கு. அம்மனை மனதில் அழைக்க மட்டும் யாருடைய அனுமதியும் வேண்டாம்.

5. வேண்டுதலை ஒரே வசனத்தில் சொல்லுங்கள். ஒரு துண்டு பனங்கட்டி சாப்பிடுங்கள்.

6. இடமாகச் சுற்றி வட்டத்தை அவிழுங்கள். செம்புநீரை வேம்படியில் ஊற்றுங்கள். விளக்கை வாயால் ஊதாமல் ஒரு பூவால் அமர்த்திவிட்டு, திரி நன்றாக ஆறிய பிறகே உள்ளே போங்கள்.